சொல்ல வரும் பிள்ளைக்கு யார் காவல்?

பள்ளிதோறும் மனநல ஆலோசகர் வேண்டும் என்ற குரல் வலுத்து வருகிறது. தலித் மாணவர்களுக்கு அந்த ஆலோசனை எப்படி இருக்க வேண்டும்?

2023 ஆகஸ்ட் 9-ஆம் தேதி இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்துவந்த தலித் மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அந்த இரவைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அதற்கு முந்தைய சில நாட்களைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை.

அந்த நாட்களில் அவர் பள்ளிக்குப் போகவில்லை. நன்றாகப் படிக்கிற பையன் திடீரென்று நின்றுவிட்டான். பள்ளியிலிருந்து விசாரித்தபோதுதான் சக மாணவர்கள் சாதியை வைத்துத் துன்புறுத்தியது வெளியே வந்தது. புகார் கொடுக்கப்பட்டது. அன்றிரவே அரிவாள் வந்தது.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. பிள்ளை வாய் திறப்பதற்கு முன்பே அவன் எடுத்த லீவு பேசிவிட்டது. அதைக் காது கொடுத்துக் கேட்க ஆள் இல்லை. இது முதல் செய்தி. வாய் திறந்து சொன்ன பிறகு அவனுக்குக் காவலாக நிற்கவும் ஆள் இல்லை. இது இரண்டாவது. பள்ளிகளில் மனநல ஆலோசனை என்று இன்று பேசுகிற எல்லோரும் இந்த இரண்டுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

அந்த மாணவர் மருத்துவமனையிலிருந்து எழுந்து வந்து, 2024-இல் பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தார். நாம் எல்லோரும் கைதட்டினோம். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் அப்படி எழுந்து வருவதில்லை. சத்தமில்லாமல் படிப்பை விட்டு, திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ செங்கல் சூளைக்கோ போய்விடுகிற பிள்ளைகளின் பெயர் செய்தித்தாளில் வருவதில்லை. பதிவேட்டில் ‘இடைநின்றவர்’ என்று ஒரு வரி மட்டும் விழும்.

பதின்ம வயதும் கூடுதல் சுமையும்

13 வயது முதல் 19 வயது வரை மனமும் உடலும் ஒன்றாக மாறுகிற காலம். கோபம் சட்டென்று வரும். வெட்கம் அதிகம். நாலு பேர் முன்னால் அவமானப்படுவதைவிடச் சாவது மேல் என்று தோன்றுகிற வயது இது. உலகில் 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் இருப்பது தெரியவந்தது. 40 பேர் இருக்கிற ஒரு வகுப்பில் சராசரியாக மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான கணக்கு. தலித் பிள்ளைக்கு இதன் மேல் இன்னொரு சுமை இருக்கிறது. டவுன் பஸ்ஸில் எந்த நிறுத்தத்தில் ஏறுகிறான் என்பதை வைத்தே அவன் யார் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். “உங்க ஊர்ல எந்தத் தெரு?” என்ற கேள்வி ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் பதில் சொல்லலாமா என்று அவன் யோசிக்கிறான். கையில் கட்டுகிற வண்ணக் கயிறு, நெற்றிப் பொட்டு, பனியனில் உள்ள படம், செல்போன் ஸ்டேட்டஸில் ஓடுகிற பாட்டு என எல்லாவற்றிலும் சாதி ஒளிந்திருக்கிறது. வண்ணக் கயிறுகளைக் கண்காணிக்கச் சொல்லி 2019-லேயே கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. அது எதிர்ப்பில் அமுங்கிப்போனது. நான்கு ஆண்டு கழித்து நாங்குநேரி நடந்தது.

அவமானம் மாணவர்களிடமிருந்து மட்டும் வருவதில்லை. ஈரோடு மாவட்டத்தில் பட்டியலின மாணவர்களைக் கழிப்பறை சுத்தம் செய்ய வைத்த புகாரில் ஓர் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியை 2022 டிசம்பரில் கைது செய்யப்பட்டார். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில், பூப்பெய்திய எட்டாம் வகுப்பு தலித் மாணவி வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வெழுதினார். அதற்கு ஒரு மாதம் முன்பு தூத்துக்குடி மாவட்டத்தில் தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பிளஸ் ஒன் தலித் மாணவரைக் கீழே இழுத்துப் போட்டுக் கைவிரல்களை வெட்டினார்கள்.

இப்படிப்பட்ட செய்தியை அடுத்த ஊரில் உள்ள பிள்ளையும் படிக்கிறான். அன்று மாலை பஸ் ஏறும்போது அவன் மனசில் என்ன ஓடும் என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

சாதியைச் சொன்னதும் குறைந்த மதிப்பெண்

“நம்ம பிள்ளைக மண்டையில ஏறல, அதுக்கு மனசு என்ன பண்ணும்?” என்று கேட்கிற பெற்றோர் உண்டு. அப்படி நினைக்கிற ஆசிரியர்களும் உண்டு. அவர்களுக்காக ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும்.

2003-இல் உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 6, 7-ஆம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆதிக்கச் சாதி மாணவர்கள் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்கள் 321 பேர். எல்லோருக்கும் காகிதத்தில் அச்சிட்ட வழிகண்டுபிடிக்கும் புதிர்கள் கொடுக்கப்பட்டன. எத்தனை புதிர் முடிக்கிறார்களோ அதற்கேற்பக் காசு.

யாருடைய சாதியையும் சொல்லாமல் புதிரைக் கொடுத்தபோது இரு தரப்பு மாணவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் முடித்தார்கள். பிறகு வேறு குழுக்களில், புதிரைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொருவர் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லோர் முன்பும் வாசித்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. சாதியை உரக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

இப்போது நம் வகுப்பறைக்கு வருவோம். உதவித்தொகைப் படிவம் வரும்போது “எஸ்.சி. பசங்கள்லாம் எந்திரிங்க” என்று சொல்லும் வழக்கம் இன்னும் எத்தனை பள்ளிகளில் இருக்கிறது? சொல்கிற ஆசிரியருக்குக் கெட்ட எண்ணம் இல்லாமலும் இருக்கலாம். எழுந்து நிற்கிற பிள்ளையின் காலில் நடுக்கம் இருக்கிறது. அடுத்த பாடவேளையில் கணக்குத் தேர்வு இருந்தால், அந்த நடுக்கத்தோடுதான் அவன் எழுதுகிறான்.

நாங்குநேரிக்குப் பிறகு தமிழக அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூன் 18-ஆம் தேதி முதல்வரிடம் அறிக்கை கொடுத்தது. மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைப்பது, சாதியைக் குறிப்பிட்டு அழைக்காமல் இருப்பது, உதவித்தொகை விவரங்களை வகுப்பில் அறிவிக்காமல் இருப்பது, வண்ணக் கயிறுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்குவது என்று நீள்கின்றன அதன் பரிந்துரைகள். மேலோட்டமாகப் பார்த்தால் இவை நிர்வாக விஷயங்கள். ஹர்தோய் சோதனையைத் தெரிந்தவர்களுக்கு இவை மனநலப் பரிந்துரைகள் என்பது விளங்கும். ஆலோசகர் இல்லாத பள்ளியும் இவற்றை நாளைக் காலையே செய்யலாம். பைசா செலவில்லை.

கோணிப்பையை மறக்காதவர்

சிறு வயதுக் காயம் எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு அண்ணல் அம்பேத்கரே சாட்சி. சதாராவில் பள்ளிப் பருவத்தில் அவர் வகுப்பில் தனியாக ஒரு கோணித்துணி விரித்து உட்கார வேண்டியிருந்தது. மாலையில் அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகம்தான். வெளிநாடுகளில் படித்து, டாக்டர் பட்டங்கள் பெற்று, சட்டக் கல்லூரி முதல்வராகவும் இருந்தவர், தன் நாற்பதுகளில் எழுதிய ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற சுயசரிதைக் குறிப்புகளில் அந்தக் கோணியையும் அந்தக் குழாயையும் மறக்காமல் எழுதினார்.

“படிச்சு மேல வந்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்” என்று நாம் பிள்ளைகளிடம் சொல்கிறோம். படிப்பு அவசியம்தான். ஆனால் அவமானத்தைப் பேசித் தீர்க்க ஓர் இடமும் அவசியம். பெரிய படிப்புப் படித்த பிறகும் அந்தச் சுமை இறங்குவதில்லை என்பதை 2016-இல் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவையும், 2019-இல் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தத்வியையும் இழந்தபோது பார்த்தோம்.

ஆலோசனை என்றால் என்ன?

கிராமத்தில் ‘கவுன்சலிங்’ என்றால் இரண்டு அர்த்தம் இருக்கிறது. ஒன்று, காலேஜ் சீட்டு வாங்கப் போவது. இன்னொன்று, தப்புச் செய்த பிள்ளையைக் கூப்பிட்டுப் புத்தி சொல்வது. மனநல ஆலோசனை இரண்டிலும் சேராது.

பயிற்சி பெற்ற ஆலோசகர் முதலில் செய்வது கேட்பது. தனி அறை, அல்லது மரத்தடியில் மற்றவர் காதில் விழாத ஓர் இடம். பிள்ளை அழுதால் அழ விடுவார். பேசாமல் இருந்தால் காத்திருப்பார். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, எந்த நேரத்தில் பயம் வருகிறது என்று கேட்பார். சாக வேண்டும் என்று தோன்றியதா என்பதையும் நேரடியாகவே கேட்பார். அப்படிக் கேட்டால் பிள்ளைக்கு இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். வராது. யாராவது கேட்க மாட்டார்களா என்று தவித்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அது மூச்சு விடுகிற இடம். பேசியதை ஆலோசகர் வெளியே சொல்லக் கூடாது. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருக்கும்போது மட்டும், பிள்ளையிடம் சொல்லிவிட்டு, தேவையான ஒருவரிடம் தேவையான அளவு தெரிவிக்கலாம். மருந்து தேவைப்படுமோ என்று தோன்றினால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்.

தலித் பிள்ளை அந்த அறைக்குள் வரும்போது ஆலோசகருக்கு இன்னொரு தகுதியும் வேண்டும். சாதி என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். “அவனுங்க சும்மா கிண்டல் பண்ணியிருப்பாங்க, நீ ஏன் பெருசா எடுத்துக்கிறே?” என்று கேட்டால் கதவு மூடிவிடும். பிள்ளை அடுத்த முறை வர மாட்டான். சுற்றிலும் நடக்கிற கொடுமையால் தூக்கம் கெட்ட பிள்ளைக்கு ‘மூச்சுப் பயிற்சி செய், பாசிட்டிவாக யோசி’ என்று சொல்லி அனுப்பினால், கொடுமை செய்தவன் அப்படியே இருப்பான். பாதிக்கப்பட்டவன்தான் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றாகிவிடும். பயம் நோயா, நியாயமான எச்சரிக்கையா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரே நம் பிள்ளைக்கு ஆலோசகராக இருக்க முடியும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. ஊரில் எந்தப் பிரச்சினை வந்தாலும் ‘பேசி முடிச்சுக்கலாம்’ என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். பள்ளியிலும் அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கை குலுக்கச் சொல்லி, அதற்குக் கவுன்சலிங் என்று பெயர் வைத்துவிடலாம். இது ஆலோசனை இல்லை, கட்டப் பஞ்சாயத்து. வன்கொடுமை நடந்திருந்தால் அதற்குரிய இடம் காவல் நிலையம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15-ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்புத் தருவது அரசின் கடமை என்று சொல்கிறது. வழக்கும் ஆலோசனையும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

நாங்குநேரி கற்றுத் தந்ததும் இதுதான். பிள்ளை சொல்லாமல் இருப்பது வெறும் கூச்சத்தால் இல்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அவன் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான். பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு இன்னும் கடினம். பஸ்ஸில் ஒருவன் தொந்தரவு செய்கிறான் என்று வீட்டில் சொன்னால், தொந்தரவு நிற்காது. அவள் படிப்பு நிற்கும். அடுத்த தை மாதத்தில் கல்யாணம் பேசிவிடுவார்கள். சொன்ன பிறகு புகார் யார் கைக்குப் போகிறது, எதிர்த்தரப்புக்குப் பெயர் தெரியுமா, மாலையில் வீட்டுக்குப் போகும் வழியில் யார் துணை, அன்றிரவு போலீஸ் ரோந்து வருமா என்பதையெல்லாம் முடிவு செய்யாமல் ஒரு பள்ளி புகாரை வாங்கினால், அது பிள்ளையை ஆபத்தில் தள்ளுவதாகும்.

கயிறு கட்டும் பையனுக்கும் வேண்டும்

அரிவாள் எடுத்த பிள்ளைகளும் 17 வயதுப் பிள்ளைகள்தான். அவர்கள் கையில் கயிறு கட்டிவிட்டவர்கள் பெரியவர்கள். திருவிழாவில் டீ-சர்ட் அடித்துக் கொடுத்தவர்கள், செல்போனில் வீரப் பாட்டு அனுப்பியவர்கள், “நம்ம தெருவுக்குள்ள அவன் சட்டையை இன் பண்ணிட்டு வர்றான்” என்று திண்ணையில் பேசியவர்கள். வழக்கில் சிக்கும்போது இவர்கள் யாரும் உடன் வருவதில்லை. கூர்நோக்கு இல்லத்துக்குப் போவது பையன்தான்.

அவனிடமும் பள்ளி பேச வேண்டும். யாரையாவது மட்டம் தட்டினால்தான் தனக்கு மரியாதை என்று நம்புகிற மனமும் நலமாக இல்லை. அவனைத் திருத்துகிற வேலையைத் தலித் பிள்ளையின் தலையில் கட்டக் கூடாது என்பது மட்டும் முக்கியம்.

என்ன இருக்கிறது, என்ன இல்லை

2025 ஜூலை 25-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கு அது. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு, மனநலம் என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி, நாடு முழுவதும் உள்ள கல்வி நிலையங்களுக்கு 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. சட்டம் வரும்வரை இவற்றைப் பின்பற்ற வேண்டும்.

அதன்படி 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் தகுதி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய பள்ளி வெளியில் உள்ள மனநல வல்லுநரோடு முறைப்படி தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி தர வேண்டும். பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களிடம் பாகுபாடு இல்லாமல் நடக்கவும் அவர்களுக்குப் பயிற்சி வேண்டும். உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் கண்ணில் படும்படி எழுதிப் போட வேண்டும். சாதி காரணமான துன்புறுத்தலைப் புகார் செய்ய ரகசியமான வழி இருக்க வேண்டும்.

500-க்கு மேல் மாணவர்கள் உள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ‘பள்ளி நல அலுவலர்’ பணியிடம் உருவாக்க வேண்டும் என்று சந்துரு குழுவும் சொன்னது. நம் பிள்ளைகள் படிக்கிற கிராமத்துப் பள்ளிகள் பலவற்றில் 500 பேர் தேறமாட்டார்கள். ஆகவே உச்ச நீதிமன்றம் சொன்ன 100 என்ற எண்ணை நாம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இப்போதே கையில் இருப்பவையும் சில உண்டு. பல அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டி இருக்கிறது. அது ஹெச்.எம். அறை வாசலில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் தொங்கினால் யார் சீட்டுப் போடுவார்கள்? தண்ணீர்த் தொட்டிப் பக்கமோ நூலகத்திலோ மாற்றி வைக்கச் சொல்லலாம். 2020-இல் தொடங்கிய மத்திய அரசின் பள்ளி நலத் திட்டப்படி ஒரு பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் மாணவர் நலத்துக்குப் பயிற்சி பெற வேண்டும். அந்த இருவர் யார் என்று மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனை உள்பட, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள் குறிப்பிட்ட நாட்களில் வட்டார மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். எந்த நாள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். எல்லாம் இலவசம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் தெருப் பெற்றோரும் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் நான்கு கேள்விகள் கேட்கலாம்: நம் பள்ளிக்கு ஆலோசகர் யார்? புகார்ப் பெட்டியை யார் திறக்கிறார்கள்? உதவித்தொகை விவரம் எப்படித் தெரிவிக்கப்படுகிறது? ஒரு பிள்ளை மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் வீட்டுக்கு யார் போகிறார்கள்? கேள்வியையும் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ‘சமூக நீதி விடுதி’ என்று 2025-இல் பெயர் மாறிய அரசு விடுதிகளிலும் இதையே கேட்கலாம். வீட்டைவிட்டு வந்த பிள்ளைகள் அங்கேதான் இரவைக் கழிக்கிறார்கள்.

பெற்றோருக்கு

பிள்ளையின் மாற்றத்தை ‘திமிரு’, ‘சோம்பேறித்தனம்’ என்று உடனே முடிவு கட்டாதீர்கள். கோடாங்கியிடம் போய் மந்திரித்துக் கயிறு கட்டுவது உங்கள் நம்பிக்கை. அதோடு நின்றுவிட வேண்டாம், டாக்டரிடமும் காட்டுங்கள். கவனிக்க வேண்டியவை இவை: காரணம் சொல்லாமல் பள்ளிக்குப் போக மறுப்பது, அல்லது தினமும் காலையில் மட்டும் வயிற்றுவலி, தலைவலி, போகும் வழியையோ பஸ்ஸையோ மாற்றுவது, தூக்கம், சாப்பாடு குறைவது, கூட்டாளிகளை விட்டு ஒதுங்குவது, உடம்பில் காயத்தை மறைப்பது, பிரியமான பொருளை மற்றவருக்குக் கொடுத்துவிடுவது, “நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி” என்பது போலப் பேசுவது. இவற்றில் சில இரண்டு வாரம் தொடர்ந்தால் உதவி தேடுங்கள். கடைசியாகச் சொன்னவை தெரிந்தால் அன்றைக்கே தேடுங்கள், பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

கேட்கும்போது “என்னடா தப்புப் பண்ணே?” என்று தொடங்காதீர்கள். “உனக்கு என்ன நடந்துச்சு?” என்று கேளுங்கள். இடையில் பேசாதீர்கள். “நாங்கள்லாம் இதவிட எவ்வளவோ பட்டிருக்கோம்” என்று சொல்லத் தோன்றும். அது உண்மைதான். ஆனாலும் அதைப் பிறகு சொல்லலாம். முதலில் அவன் சொல்லி முடிக்கட்டும்.

பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டனையிலிருந்து பாதுகாக்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை.

மாணவர்களுக்கு

தம்பி, தங்கைகளே, உங்களை ஒருவர் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் வெட்கப்பட வேண்டியவர் அவர்தான். பயம் வருவது கோழைத்தனம் இல்லை. அழுவதும் இல்லை. நீங்கள் நம்புகிற ஒரு பெரியவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் ஆசிரியராக இருக்கலாம். சத்துணவு அம்மாவாக, சித்தியாக, மாலை வகுப்பு எடுக்கிற அண்ணனாகவும் இருக்கலாம். ஒருவர் காது கொடுக்காவிட்டால் அடுத்தவரிடம் போங்கள். நடந்ததைத் தேதி, நேரம், இடம், பார்த்தவர் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு அது உங்களுக்குச் சாட்சி.

கூட்டாளி ஒருவன் சாகப் போகிறேன் என்று ரகசியமாகச் சொன்னால், அந்த ரகசியத்தைக் காப்பாற்றாதீர்கள். அவனைக் காப்பாற்றுங்கள். பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். சொன்னதற்காக அவன் இரண்டு நாள் கோபித்துக்கொள்வான். பரவாயில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக் காலை வருகைப் பதிவு எடுக்கும்போது, பதில் வராத பெயரில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ‘ஆப்சென்ட்’ போடுவதற்கு முன், அவன் கடைசியாக எப்போது வந்தான், யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் என்று யோசியுங்கள். வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அவன் காரணத்தைச் சொன்னால், அடுத்து அவனைப் பாதுகாக்கும் வேலை உங்களுடையது. பாதுகாப்பு இல்லாமல் புகாரை மட்டும் வாங்கினால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டம் ஒருமுறை பார்த்துவிட்டது.

உதவி எண்கள்

மனநல ஆலோசனை, 24 மணி நேரமும், தமிழில், இலவசம்: 14416
மருத்துவ ஆலோசனை: 104
குழந்தைகள் உதவி: 1098
பெண்கள் உதவி: 181
பள்ளிக் கல்வித் துறை: 14417
வன்கொடுமைத் தடுப்பு தேசிய உதவி எண்: 14566

இந்த எண்களை வெட்டி எடுத்து, வீட்டுச் சுவரிலும் நோட்டின் முதல் பக்கத்திலும் ஒட்டி வையுங்கள்.